யாரும் கேள்விப்படாத நம் கல்லூரி

நேற்றுக் காலை தாவரவியல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது நாகலிங்கப் பூவின் வாசனை வந்தது. மழை ஓய்ந்த ஈரத் தரையில் பூக்கள் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தேன். அவ்வளவுதான், நான் புதுச்சேரியில் இல்லை. சென்னையில் நம் கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் இருந்த மரத்தடியில், உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கூட நடந்துவந்த மேல்வீட்டு மாலா, "என்னம்மா, பூவ வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டீங்க?" என்றாள். நான் படித்த கல்லூரியில் இப்படி ஒரு மரம் உண்டு என்றேன். எந்தக் கல்லூரி என்று கேட்டாள். சொன்னேன்.

"கேள்விப்பட்டதே இல்லையே. இப்ப இருக்குதா, மூடிட்டாங்களா?"

நீ இருந்திருந்தால் என் விலாவில் இடித்திருப்பாய். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்து முடித்தபோது, இதைச் சொல்ல நீ இல்லையே என்று இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நம் கல்லூரி இன்றும் இருக்கிறது. தெரிந்தவர்கள் அதன் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை வந்துவிடும். தெரியாதவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஆளே கிடையாது. அது ஏன் என்று உன்னைப் போல மண்டையை உடைத்துக்கொண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய வருஷம் நமக்கு வயது பதினைந்து, பதினாறு. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் எல்லாவற்றையும் பிரெஞ்சிலேயே படித்துவிட்டு, பிரெவே என்ற பள்ளிப் பரீட்சையும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் படிப்புக்கு இனி ஊரில் என்ன மதிப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த உன் அப்பா, "ஒண்ணு பாரிசு, இல்ல இங்கிலீஷு. ரெண்டுல ஒண்ண புடிச்சுக்கோ" என்றாராம். நீ இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டாய். என்னையும் இழுத்துக்கொண்டாய். "நீ வரலன்னா நானும் போவல, சரசு" என்று மிஷன் வீதி முனையில் நின்று நீ மிரட்டியது ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்குப் புதிதாக வந்த இங்கிலீஷ் டீச்சரிடம் இரண்டு வருஷம் படித்து மெட்ரிக் தேறினோம். அந்த டீச்சர் படித்ததுதான் நம் கல்லூரி. அதன் பெயரை நாம் முதலில் கேட்டது அவர் வாயில்தான். அதற்கு முன்பும், அதற்குப் பின்பு வெகு காலமும், இந்த ஊரில் வேறு யார் வாயிலும் கேட்கவில்லை.

என் வீட்டில் சம்மதம் வாங்க நீயே கடைக்கு வந்தாய். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் துணிக்கடையில், அப்பா கெஜக்கோலை வைத்துத் துணி அளந்துகொண்டிருந்தார். சித்தப்பாதான் விசாரணையை ஆரம்பித்தார்.

"அது என்ன காலேஜு? டாக்டருக்குப் படிக்கறதா?"

"இல்ல சித்தப்பா" என்றேன்.

"வக்கீலுக்கா?"

"இல்ல."

"பின்ன?"

"தத்துவம், சரித்திரம், இலக்கியம், இதெல்லாம் சொல்லித் தருவாங்க."

"சரி, அத படிச்சிட்டு என்னவா வருவே?"

நான் உன்னைப் பார்த்தேன். சித்தப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். "பேரு தெரியாத ஊருக்குக்கூட பொண்ணு குடுத்துடலாம், அண்ணே. பேரு தெரியாத காலேஜுக்கு எப்படி அனுப்பறது?"

நீ அப்பாவிடம் நேராகக் கேட்டாய். "மாமா, உங்க கடைப் பேரு மெட்ராசுல எத்தினி பேருக்குத் தெரியும்?"

"ஒருத்தனுக்கும் தெரியாது."

"அப்ப உங்க துணி மட்டமா?"

அப்பா கெஜக்கோலைக் கீழே வைத்துவிட்டார். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் அவர் சிரித்தார். "வாய் இருக்குது உனக்கு. எம் பொண்ணுக்கும் அதுல கொஞ்சம் குடு" என்றார். உன் அப்பா நம்மிருவரையும் விழுப்புரம் வழியாக ரயிலில் அழைத்துப்போய்ச் சேர்த்தார்.

அந்தக் கல்லூரியில் நமக்கு என்ன கிடைத்தது என்பதை இன்றுவரை என்னால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. முதல் வருஷம் பிரெஞ்சில் யோசித்து, தமிழில் பயந்து, இங்கிலீஷில் பேசினோம். நீ எழுதிய முதல் கட்டுரை திரும்பி வந்த அன்று நீ மரத்தடிக்கு வந்த கோலம் கண்ணில் நிற்கிறது. முகமெல்லாம் சிவந்திருந்தது. "இது புத்தகம் சொல்வது. நீ என்ன சொல்கிறாய்?" என்று பேராசிரியர் கேட்டுவிட்டாராம்.

"அதுக்கு ஏன் அழுவற மாதிரி இருக்கே?" என்றேன்.

"அழுவல. இதுவரைக்கும் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்ல, சரசு. அதான் எப்படி மூஞ்ச வச்சுக்கறதுன்னு தெரியல."

பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலபாரிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த தர்க்கம் துணி துவைக்கும் இடத்தில் தொடரும். எழும்பூர் ரயிலடியில் இறங்கி ரிக்‌ஷாக்காரரிடம் கல்லூரிப் பெயரைச் சொன்னாலோ அவர் விழிப்பார். கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னால்தான் வண்டி நகரும். ஒருமுறை ரயிலில் எதிரே இருந்த பெரியவர், ஓய்வுபெற்ற நீதிபதி, நாம் எங்கே படிக்கிறோம் என்று தெரிந்ததும் எழுந்து ஜன்னலோரத்தை நமக்குக் கொடுத்தார். அதே பெட்டியில் இன்னொருவர், "அது பொம்பளப் புள்ளைங்க ஆஸ்டல்தானே?" என்றார். நீ இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வணக்கம் சொன்னாய். இறங்கிய பிறகு பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரித்தாய். அப்போது அது நமக்குச் சிரிப்புத்தான்.

அறுபதாம் வருஷம் பட்டம் வாங்கி ஊருக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பிரெஞ்சும் இங்கிலீஷும் தமிழும் எழுதத் தெரிந்தவர் வேண்டும் என்றார்கள். உனக்கென்றே செய்த வேலை. நான் வாசலில் காத்திருந்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தாய். நேராகக் கடற்கரைக்கு நடந்தாய். புயலில் இடிந்த பழைய துறைமுகப் பாலத்தின் இரும்புத் தூண்கள் தண்ணீரில் நின்றிருந்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்தோம். சுண்டல்காரர் வந்தார். போனார். அதற்கப்புறம் சொன்னாய்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இருந்தவர் உன் சான்றிதழை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நெஜமாவே பி.ஏ.வா, இல்ல தையல் ஸ்கூல் மாதிரி ஏதாவதா?" என்று கேட்டாராம். மற்ற இருவரும் சிரித்தார்களாம். அடுத்தபடி வந்தவரின் கல்லூரிப் பெயரைக் கேட்டதும், அந்தக் கல்லூரி கிரிக்கெட் அணியைப் பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தது கதவுக்கு வெளியே வரை கேட்டதாம்.

"என்னை வேண்டாம்னது பரவால்ல" என்றாய். "தையல் ஸ்கூலான்னு கேட்டப்ப நான் தலைய குனிஞ்சுக்கிட்டேன். நாலு வருஷம் 'நீ என்ன சொல்றே, நீ என்ன சொல்றே'ன்னு கேட்டுக் கேட்டு வளத்தாங்க. இன்னிக்கு ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்துட்டேன்."

உன்னைச் சமாதானப்படுத்த நினைத்து நான் ஏதோ சொன்னேன். நம்முடையது சின்னக் கல்லூரி, வருஷத்துக்குக் கொஞ்சம் பேர்தானே வெளியே வருகிறார்கள், ஊருக்கு எப்படித் தெரியும் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"கொஞ்சம் பேருன்னா என்ன? கொஞ்சம் பேரும் வாயத் தொறந்தா போதாதா? ஆம்பளைங்க காலேஜுல படிச்சவன் வாசல்ல போர்டு மாட்டறான். போறவன் வரவன் எல்லாம் படிக்கறான். நம்ம காலேஜுல படிச்சவ யாரு வாசல்லயாவது போர்டு பாத்திருக்கியா? கல்யாணம் ஆனா மொதல்ல இனிஷியல் போவுது. அப்புறம் பேரே போயி, இன்னாரு சம்சாரம், இன்னாரோட அம்மா. ஆளு பேரே இல்லாதப்ப அவ படிச்ச காலேஜு பேரு எங்க போயி நிக்கும்?"

"பேசினா கர்வம்னு சொல்லுவாங்களே."

"அதான். அதையும் நமக்கு நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க."

ஒரு பிடி மணலை அள்ளி அலைப்பக்கம் எறிந்தாய். "டாக்டரு காலேஜுன்னா டாக்டரு வெளிய வராரு. ஊருக்குப் புரியுது. நம்ம காலேஜுலேருந்து என்ன வெளிய வருதுன்னு காட்டினாத்தானே புரியும்? நாம காட்டவே இல்ல, சரசு."

அன்றைக்கு நீ அழுவாய் என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். நீ எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, எங்கள் துணிக்கடை மாடி காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அந்த மாடியில் வகுப்பு ஆரம்பித்தது. பள்ளியை முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்கள்தான் நம் குறி. நீ மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து சாப்பிட்டுவிட்டு வருவாய். துணி மூட்டைகள்தான் பெஞ்சு. முதல் வாரம் இரண்டு பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி சித்தப்பாவின் மகள். அவளையும் சித்தப்பா, "மாடியில என்னதான் நடக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றுதான் அனுப்பிவைத்தார். நான் இங்கிலீஷும் சரித்திரமும் சொல்லிக்கொடுத்தேன். நீ கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தாய்.

ஆள் சேர்க்க வீடு வீடாகப் போனோம். அப்போது உனக்கு ஒரு பழக்கம் வந்தது. கதவைத் திறக்கும் அம்மாவிடம் முதலில் அவர் பெயரைக் கேட்பாய். பெரும்பாலும் கணவர் பெயரோ பிள்ளை பெயரோதான் பதிலாக வரும். "அது அவரு பேரு. உங்க பேரு?" என்று சிரித்துக்கொண்டே மறுபடி கேட்பாய்.

உங்கள் வீட்டுக்கு வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவிடமும் அப்படித்தான். கொல்லைப்பக்கம் கூடையை இறக்கி வைத்தவரிடம் பெயரைக் கேட்டாய்.

"மீன்காரின்னு கூப்புடும்மா. உங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான கூப்புடறாங்க."

"அது நீங்க செய்யற வேல. பேரு என்ன?"

"அஞ்சலை" என்றார், யாரோ ஒளித்துவைத்ததை எடுத்துக் காட்டுவதுபோல.

"அஞ்சலையம்மா, உங்க பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருக்குதாமே. எங்க வகுப்புக்கு அனுப்புங்க. அப்புறம் மெட்ராசுக்கு, எங்க காலேஜுக்கு."

"அங்க போனா எம் பொண்ணு என்னவா வரும்?"

சித்தப்பா கேட்ட அதே கேள்வி. இந்த முறை நீ என்ன சொல்லப்போகிறாய் என்று நானும் காத்திருந்தேன்.

"என்னவா வரும்னு எனக்குத் தெரியாது. அத அதுதான் சொல்லணும். ஆனா மூணு ஆம்பளைங்க எதிர்ல உக்காந்து ஏளனமா ஒரு கேள்வி கேட்டா, தலை குனியாம பதில் சொல்லும்."

"நீ சொன்னியா?"

"நான் சொல்லல" என்றாய். "படிச்சா மட்டும் பத்தல, பழகவும் வேணும்னு அப்பதான் தெரிஞ்சுது. அதான் இந்த வகுப்பு வச்சிருக்கோம்."

அஞ்சலை உன் முகத்தையே பார்த்தார். பிறகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "பொய் சொல்லத் தெரியாத பொண்ணா இருக்கறே. அனுப்பறேன். மார்க்கெட்டுல வாய் இல்லாதவளால மீன்கூட விக்க முடியாது. எம் பொண்ணுக்கு மீன் வாடையே ஆவல. வாயாவது வரட்டும்."

அவர் மகள் வந்தாள். கூடவே அவள் வகுப்புத் தோழிகள் இருவரும் வந்தார்கள். மாடிப்படியில் செருப்புகள் கூடின. பேச்சு ஊரில் பரவியது. நல்லதாக மட்டும் இல்லை. துணிக்கடை மாடியில் பெண்கள் கூடிக் கத்துகிறார்கள் என்றும் சொன்னார்கள். அப்பா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஜன்னல சாத்திட்டுக் கத்துங்க" என்றார். மூடச் சொல்வார் என்று பயந்திருந்த எனக்கு, அது ஆசீர்வாதம் மாதிரி இருந்தது.

அந்தக் கத்தல்தான் அரசாங்கப் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை காதுக்கும் எட்டியது. இரண்டு வருஷத்துக்கு முன்பு மெட்ராசிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒரு ஞாயிறு, முன்னறிவிப்பு இல்லாமல் படியேறி வந்து கடைசி மூட்டையில் உட்கார்ந்தார். பெண்கள் ஒடுங்கிப் போனார்கள். அஞ்சலையின் மகள் மட்டும், ஆரம்பித்த வாதத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்ததும் அவர் உன்னைக் கேட்டார். "நீங்க எங்க படிச்சீங்க?"

நீ நிமிர்ந்து நின்று கல்லூரியின் பெயரை முழுசாக, மாடிப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நூலகத்துக்குப் பின்னாடி இருந்த நாகலிங்க மரம் இன்னும் இருக்குதா?"

எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆனது. உனக்கு உடனே புரிந்துவிட்டது. "மதாம்! நீங்களுமா?" என்று கத்திவிட்டாய். "ரெண்டு வருஷமா இதே ஊர்ல இருக்கீங்க. எங்களுக்குத் தெரியாம போச்சே!"

"எனக்கும் உங்களத் தெரியாதே. என்னை யாரும் கேக்கல. நானும் சொல்லல" என்றார் அவர். கொஞ்சம் வெட்கமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

நீ கடற்கரையில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் அப்படியே எதிரில் நின்றது. கணவர் பெயரோடு கையெழுத்துப் போடுகிற ஒரு பெண்மணி. அவரைத் தெரிந்தவர்களுக்கும் அவர் படித்த இடம் தெரியாது. அன்றைக்கே மூன்று பேரும் கீழே வந்து அப்பா வாங்கிக்கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, கல்லூரிச் சாப்பாட்டைத் திட்டித் தீர்த்தோம். அடுத்த வாரம் வகுப்பு அவர் பள்ளிக்கூடத்துக்கே மாறியது. அவர் அறை வாசலில் புதிதாக ஒரு போர்டு வந்தது. அவர் பெயர், பட்டம், அதற்குக் கீழே நம் கல்லூரி. சில மாதங்களில் அந்தப் பள்ளியிலேயே ஆசிரியை வேலைக்கு உன்னை அழைத்துக் கேள்வி கேட்டார்கள். ஒருவர் உன் கல்லூரியைக் கேள்விப்பட்டதில்லை என்றாராம். "அப்ப இன்னிக்குக் கேள்விப்படுங்க சார்" என்று நீ ஆரம்பித்தாயாம். அவர்கள் போதும் என்று சொல்லும்வரை நீ நிறுத்தவில்லையாம். வேலை கிடைத்தது.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. உன் அப்பாவும் தம்பிகளும் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போகத் தீர்மானித்தார்கள். உன்னையும் கூப்பிட்டார்கள். போய்விடுவாய் என்றே நான் நினைத்தேன். "அங்க போயி மறுபடியும் மொதல்லேருந்து காலேஜு பேர விளக்கணுமா?" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு, நீ இருந்துவிட்டாய். உன் அப்பாவை வழியனுப்பிய அன்று நீ விளையாடவில்லை. என் தோளில் சாய்ந்து வெகுநேரம் நின்றாய்.

அந்த வருஷம் ஜூன் மாதம் நான்கு பெண்கள் நம் கல்லூரிக்குப் போனார்கள். அஞ்சலையின் மகள் அதில் ஒருத்தி. சித்தப்பா மகளும் ஒருத்தி. அவர்களை ரயிலேற்றிவிட்டு நாம் கடைக்கு வந்தபோது, சித்தப்பா ஒரு வாடிக்கையாளருக்குப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நாம் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"உங்க பொண்ணையும் அங்கயே சேத்துடுங்க" என்று கல்லூரியின் பெயரைச் சொன்னார். தப்பும் தவறுமாகத்தான் சொன்னார். "என்ன, கேள்விப்பட்டதில்லையா? மெட்ராசுல அதுக்கு மேல காலேஜு ஏது? எம் பொண்ணு அங்கதான் படிக்குது."

"படிச்சிட்டு என்னவா வரும்?" என்றார் வந்தவர்.

சித்தப்பா முந்தானையைப் பிரித்துப் போட்டார். "அத அதுதான் சொல்லணும்" என்றார்.

நீ புடவை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாய். உன் கண்ணில் தண்ணீர் வந்ததை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷங்கள். லாஸ்பேட்டை வீடு, உன் கணவர், மகள், நீ வளர்த்த மாணவிகள். போன வருஷம் நீ போனதும் பத்திரிகையில் வந்த அறிவிப்பில் திருமதி என்று போட்டு உன் கணவர் பெயர் இருந்தது. ஆசிரியை என்று ஒரு சொல். அவ்வளவுதான். நம்மோடு படித்தவர்கள் யாராவது அதைப் பார்த்திருந்தாலும் அது நீதான் என்று தெரிந்திருக்காது. உன் மகளிடம் சொன்னேன். அவள் உன் மகள். கல்லறையில் உன் பெயரை உன் அப்பாவின் இனிஷியலோடு வெட்டச் சொன்னாள். கீழே கல்லூரியின் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். "கல்லறையில காலேஜு பேரு யாரும் போடறதில்லையேம்மா" என்றார் கல் வெட்டுபவர். "எங்க அம்மா போட்டுக்குவாங்க" என்றாள்.

எனக்கு இப்போது எவ்வளவோ மறந்துவிடுகிறது. படித்த சரித்திரத்தில் பாதி போய்விட்டது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் மட்டும் விடவில்லை. பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ பக்கத்தில் ஒரு பெண்மணி உட்கார்ந்தால், "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்கிறேன். மகன் எங்கே வேலை பார்க்கிறான், வீட்டுக்காரர் யார் என்பதிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். நான் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். சென்ற வாரம் பேங்கில் என்னைவிடக் கொஞ்சம் இளைய பெண்மணி ஒருவர் அப்படித்தான் சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, கடைசியில் தன் பெயரைச் சொன்னார். நல்ல பெயர் என்றேன். சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, நான் கேட்காமலே, தான் எங்கே படித்தார் என்பதையும் சொன்னார்.